பிள்ளையார் சீட்டு

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் கை மீசைக்குப் போய்விடும். இடது பக்க நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுப்பார். இது எங்கள் வீட்டில் ஐந்து வயதுத் தம்பிக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் சீட்டில் அவரைப் பிடிப்பது எப்படி?

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்கு வடக்கே, கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். ஆறு மா குத்தகை நிலம், ஒரு கறவை மாடு, அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஓர் அறை வீடு. அப்பா, அம்மா, நான், தம்பி. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. கும்பகோணத்தில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டைப் பார்த்ததும் அம்மா முகம் மாறிவிட்டது.

"ஏண்டா, புள்ளைங்க இருக்கிற வீட்டுக்குக் கொண்டாற பொருளா இது?"

"காசு வச்சு ஆடினாத்தான்க்கா தப்பு. இது சும்மா பொய் சொல்ற ஆட்டம். உன் புள்ளைங்களுக்கு அதுகூடத் தெரியலன்னா நாளைக்கு எப்படிப் பொழைக்கும்?"

மாமா அந்த ஆட்டத்துக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது பொய்ச்சீட்டு ஆனது. ஆட்டம் லேசானது. சீட்டு முழுவதையும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் 'ராஜா' என்று தொடங்கினால், அந்தச் சுற்றில் எல்லோரும் ராஜா என்று சொல்லித்தான் ஒன்றோ பலவோ சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கையில் ராஜா இருந்தாலும் இல்லாவிட்டாலும். சந்தேகம் வந்தால் குவியலைத் தட்டி 'பொய்' என்று சொல்லலாம். தட்டினவர்தான் கடைசியாக வைத்த சீட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பொய் என்றால் வைத்தவர் குவியலை அள்ளிக்கொள்ள வேண்டும். உண்மை என்றால் தட்டினவர் அள்ள வேண்டும். யார் கை முதலில் காலியாகிறதோ அவர் ஜெயித்தார்.

சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு குறைந்தது. ஆர்ட்டின் ராணி. கடையில் விலை குறைத்துக் கொடுத்தபோதே அது இல்லை போல. மாமா ஒரு கல்யாணப் பத்திரிகையை அதே அளவுக்கு வெட்டி, பேனாவால் ராணி என்று எழுதினார். அதன் முதுகில் பாதிப் பிள்ளையார் இருந்தார், தும்பிக்கையும் ஒரு காதும். மூலையில் மஞ்சள். மற்ற சீட்டுகளின் முதுகெல்லாம் நீலக் கட்டம். அதனால் பிள்ளையார் சீட்டை யார் வைத்தாலும் அது ராணி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதை வைத்துப் பொய் சொல்ல முடியாது. கட்டிலேயே அது ஒன்றுதான் அப்படி.

அம்மா இரண்டு நாள் ஒதுங்கி இருந்தாள். மூன்றாம் நாள் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எங்களில் யாரும் நிம்மதியாகப் பொய் சொன்னதில்லை. அம்மா சீட்டைப் பார்க்கமாட்டாள். வைக்கிற ஆள் முகத்தைப் பார்ப்பாள். அலட்டாமல் குவியலை ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டினால் தப்பாது.

"போலீஸ்ல சேந்திருக்கணும்க்கா நீ" என்றார் மாமா.

"இவர கட்டிக்கிட்டது போலீஸ் வேலைதான்" என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். அப்போதும் அவர் கையில்தான் நிறையச் சீட்டு இருந்தது.

மற்ற வருஷங்களில் மார்கழியில் சீட்டுக்கு நேரம் இருக்காது. களை, உரம், எலிக்கிட்டி என்று அப்பாவும் அம்மாவும் வயலிலேயே இருப்பார்கள். அந்த வருஷம் வேலை இல்லை. ஆற்றில் தண்ணீர் வரவில்லை. ஐப்பசியில் பெய்த மழையை நம்பி விதைத்த பயிர் முழங்கால் உயரம் வந்தது. கார்த்திகையில் மழை நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். வாய்க்காலில் நாங்கள் பம்பரம் விட்டோம். அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். உரச்சாக்கை விரித்துச் சாயங்காலம் வரை ஆடுவோம். அப்பா இவ்வளவு நேரம் எங்களோடு இருந்தது அந்த வருஷம்தான். அதனால் அதை நல்ல வருஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாசம். கால் இரண்டும் வீங்கியிருந்தது. பரிசோதனைக்கு வந்த நர்ஸம்மா கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பிரஷர் ரொம்ப இருக்குங்க. நடக்க விடாதீங்க. வீட்டுக் கவலை எதையும் அவங்க காதுல போடாதீங்க. அப்புறம் ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்ல."

தனியாகத்தான் சொன்னார். ஓர் அறை வீட்டில் தனி என்று ஒன்று கிடையாது.

அதிலிருந்து அம்மா வயலுக்குப் போகவில்லை. வயலைப் பற்றி அப்பா சொல்வதுதான் சேதி. காலையில் சைக்கிளில் போவார். மாட்டுக்கு ஒரு கட்டுப் புல்லோடு வருவார்.

"தண்ணி?" என்பாள் அம்மா.

"வந்துட்டிருக்காம். பெரிய மதகு வரைக்கும் வந்துடுச்சு. நாளைக்கோ நாளான்னைக்கோ நம்ம வாய்க்கால்ல ஏறிடும்."

கை மீசையில் இருந்தது.

ஒருநாள் நான் துள்ளி எழுந்து அப்பாவின் முழங்காலைத் தட்டினேன். "பொய்!" என்றேன். தம்பியும் சேர்ந்து கத்தினான். அப்பா சிரிக்கவில்லை. அம்மா என் தொடையைத் திருகினாள். அம்மா கிள்ளுகிறவள் இல்லை.

"சீட்டுல மட்டும்தான் அது. பேசறதுல எல்லாம் தட்டக் கூடாது."

"அப்பா மீசைய..."

"வாய மூடு."

எனக்கு அழுகை வந்தது. நான் பார்த்ததைத்தானே சொன்னேன்.

அந்த மாசத்தில் பக்கத்து ஊரில் ஒருவர் வயலுக்குப் போனவர் திரும்பவில்லை. வரப்பிலேயே விழுந்து கிடந்தார். நெஞ்சு நின்றுவிட்டது என்று சிலர் சொன்னார்கள். சிலர் வேறு மாதிரி சொன்னார்கள். அப்பா அங்கே பிணம் எடுக்கிற வரைக்கும் இருந்துவிட்டு வந்து குளித்தார். துண்டைப் பிழிந்தார். பிழிந்த துண்டையே மறுபடியும் மறுபடியும் பிழிந்துகொண்டிருந்தார். அம்மா வாசல்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அப்பா சைக்கிளை எடுத்துப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, மாட்டுக் கொட்டாய் கூரையில பூச்சிமருந்து டப்பா ஒண்ணு சொருகியிருக்கும். மூடியத் தொறக்காம எடுத்துட்டு வா."

கொண்டுவந்தேன். அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். எருக்குழிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியால் குழி பறித்தாள். நான் வெட்டுகிறேன் என்றேன், விடவில்லை. போட்டு மூடி மேலே ஒரு கல்லையும் உருட்டி வைத்தாள். மூச்சு வாங்கியது.

"தம்பி கையில பட்டுடும்" என்றாள்.

போகிக்கு இப்போதே வீட்டைச் சுத்தம் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம் எனக்கு ஒரு வேலை வந்தது. காலையில் அப்பா போய்க் கொஞ்ச நேரம் ஆனதும், "அப்பா என்ன பண்றாருன்னு பாத்துட்டு வா. பாத்தேன்னு சொல்லாத" என்பாள். அரைப் பரீட்சை லீவு. எனக்கு இது பிடித்திருந்தது. ஒளிந்து ஒளிந்து போவேன். அப்பா பெரும்பாலும் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். சில நாள் மண்கட்டியை எடுத்து உடைப்பார். உடைத்ததைக் கீழே போட்டுவிட்டு இன்னொன்றை எடுப்பார். ஓடி வந்து சொல்வேன்.

"உக்காந்திருக்காரும்மா."

"உக்காந்துதானே இருக்காரு?"

"ஆமா."

"சரி. போய் வெளையாடு."

அப்பா கொண்டுவரும் புல்லுக்கட்டை ஒருநாள் அம்மா மாட்டுக்குப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவிலிருந்து ஒரு தண்டை உருவினாள். நகத்தால் கீறிப் பிரித்தாள். உள்ளே வெள்ளையாக ஒரு குச்சி, மணி கட்டாத கதிர், காய்ந்து போய். அம்மா அதை வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு தொட்டியிலேயே போட்டாள். மாடு தின்றது. அது வரப்புப் புல் இல்லை, நெற்பயிர் என்று எனக்கும் தெரிந்தது. வரப்போரம் சாய்ந்ததை அறுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அது நடந்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் நாலைந்து நாள் நான் வயல் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை வந்ததும் வழக்கம்போல அப்பாவைப் பார்க்கப் போனேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. ஆடுகள். எங்கள் வயல் முழுக்கச் செம்மறி ஆடு. தலை தெரியவில்லை, முதுகு முதுகாகத் தெரிந்தது. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வருஷா வருஷம் கிடை ஓட்டிக்கொண்டு வருகிற ஆள், தோளில் கம்பைப் போட்டு வரப்பில் நின்றிருந்தார். அப்பா அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஆடுகளைப் பார்க்கவில்லை. ஆடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். நான் ஆவாரஞ்செடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா? கிடை ஆடு அறுப்புக்கு அப்புறம்தான் வயலில் இறங்கும். அறுத்த தாளை மேயும், ராத்திரி அங்கேயே படுக்கும், புழுக்கை போடும். வயலில் ஆடு நின்றால் நெல் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் எங்கள் அறுப்பு முடிந்துவிட்டது. எங்களுக்குத் தெரியாமலே அப்பா முடித்துவிட்டார். நெல்லை எங்கேயோ வைத்திருக்கிறார். பொங்கலன்றைக்குக் கொண்டுவந்து எங்களைத் திகைக்க வைக்கப் போகிறார். மீசையை இழுத்து இழுத்து அவர் சொன்ன பொய்யெல்லாம் இதற்குத்தான்.

ஓடி வந்தேன். அம்மா கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நம்ம அறுப்பு முடிஞ்சிடுச்சு!"

"என்னடி?"

"நம்ம வயல்ல கிடை ஆடு மேயுது."

அம்மாவின் கை சட்டிக்குள் நின்றது.

"நம்ம வயலா? நல்லாப் பாத்தியா?"

"நம்ம வயல்தான். அப்பாவும் நிக்கிறாரு."

"நிக்கிறாரா?"

"அந்த ஆட்டுக்காரரோட நிக்கிறாரு."

"பேசிக்கிட்டு நிக்கிறாரா, சும்மா நிக்கிறாரா?"

இது என்ன கேள்வி என்று இருந்தது. "சும்மாத்தான்" என்றேன்.

அம்மா கையைக் கழுவினாள். சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்பு முழுவதையும் குடித்தாள்.

"அப்பாகிட்ட நீ பாத்ததா சொல்லிடாத."

"எனக்குத் தெரியும்மா" என்றேன். அம்மாவுக்கும் அந்த ரகசியம் தெரியும் போல என்று நினைத்துக்கொண்டேன். பொங்கல் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று தம்பி தலையில் சத்தியம் செய்துகொண்டேன்.

அன்றைக்கு அப்பா புல் இல்லாமல் வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"புல்லு?" என்றேன் நான்.

"நாளைக்கு."

அம்மா தண்ணீர் பற்றிக் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. அப்பாவே சொன்னார்.

"கதிர் தலை காட்டிடுச்சு. இன்னும் ஒரு தண்ணி கெடச்சாப் போதும்."

மீசையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சிரிப்பை அடக்கக் கையை வாயில் வைத்தேன். அம்மா, "வரட்டும்" என்றாள். "கை கால கழுவிட்டுச் சாப்பிடுங்க. சீட்டு ஆடலாம்."

அம்மா தானாகச் சீட்டைக் கேட்டது அன்றைக்குத்தான்.

உரச்சாக்கை விரித்தோம். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். முதல் சுற்றிலேயே நான் அப்பாவைப் பிடித்துவிட்டேன். அவர் கை நிரம்பிவிட்டது. விரலுக்குள் அடங்காமல் இரண்டு மூன்று சீட்டு மடியில் விழுந்தது. பொறுக்கினார். பிறகு தம்பி தொடங்கினான். சீட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

"ராணி!"

"காட்டிட்டு வச்சா எப்படிடா?" என்றேன்.

"நான் பொய் சொல்லலைல்ல. அதான் காட்டுறேன்."

அவன் வைத்தது டைமண்ட் ராணி. மற்ற இரண்டு ராணியும் என் கையில் இருந்தன. நான் அவற்றை வெளியே விடவில்லை. வேறு ஏதோ சீட்டை வைத்து ராணி என்றேன். மிச்சம் இருப்பது பிள்ளையார் ஒன்றுதான். அது அப்பாவிடம் இருந்தது, முதுகு தெரிந்துகொண்டிருந்தது. ஆக, இந்தச் சுற்றில் அப்பா எப்போது சிக்கினாலும் சிக்கினதுதான்.

அவசரப்படவில்லை. குவியல் பெரிதாகட்டும் என்று இருந்தேன். அப்பா இரண்டு, மூன்று என்று வைத்தார். "ராணி" என்றார். "ராணி" என்றாள் அம்மா. அம்மா யாரையும் தட்டவே இல்லை. தம்பி ஒரே தடவையில் நாலு சீட்டை வைத்து "ராணி" என்றான். அதற்கும் தட்டவில்லை. அம்மா அப்பாவையும் பார்க்கவில்லை. கட்டிலிருந்த சீட்டு பாதிக்கு மேல் சாக்கில் கிடந்தது.

கடைசியில் அப்பாவிடம் இரண்டு சீட்டுதான் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தார். மேலே பிள்ளையார், அடியில் நீலக் கட்டம்.

"ரெண்டு ராணி."

மேலே இருப்பது ராணிதான். அடியில் இருப்பது இல்லை. கை மீசைக்குப் போயிற்று. நான் கையை ஓங்கிவிட்டேன். என் கை இறங்குவதற்குள் அம்மாவின் கை குவியல் மேல் விழுந்தது.

"பொய்" என்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா பிள்ளையார் சீட்டை மட்டும் எடுத்துப் புரட்டிப் போட்டாள். மாமாவின் கோணல் எழுத்தில் ராணி.

"ராணிதான்" என்றாள். "நான்தான் தோத்தேன்."

"அடியில இருக்கிறதப் பாரும்மா!"

அம்மா அடியிலிருந்ததை எடுத்தாள். எங்களுக்குக் காட்டாமல் தன் பக்கமே திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதுவும் ராணிதான்."

"பொய்! ரெண்டு ராணியும் என்கிட்ட இருக்கு. இந்தா பாரு. தம்பி ஒண்ணு வச்சான். அது எப்படி ராணியாகும்?"

"அப்ப கட்டுல அஞ்சு ராணி போலருக்கு. உங்க மாமா வாங்கியாந்த கட்டு வேற எப்படி இருக்கும்?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா அந்தச் சீட்டைக் குவியலுக்குள் செருகினாள். குவியல் முழுவதையும் இரண்டு கையாலும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். வயிறு முட்டியதால் மடியில் இடம் இல்லை. வழிந்ததை முந்தானையில் கட்டிக்கொண்டாள்.

"உங்க அப்பா ஜெயிச்சிட்டாரு" என்றாள்.

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்த மீசையை விடவில்லை. பிறகு எழுந்தார். மாட்டுக் கொட்டாய்க்குப் போனார். மாட்டின் முதுகில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. "ஜெயிச்சிட்டீங்கப்பா" என்று கத்திக்கொண்டே தம்பி பின்னால் ஓடினான்.

"உள்ள வாங்க" என்றாள் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. குரலை உயர்த்தவில்லை. "டீ போடறேன். நமக்குள்ள என்ன?"

அந்தப் பொங்கலுக்கு ரேஷன் அரிசியில் பொங்கினோம். நம்ம நெல் எங்கே என்று கேட்டேன். விற்றாச்சு என்றாள் அம்மா. முகம் அசையவில்லை. நம்பினேன். மாசியில் தங்கை பிறந்தாள். ரொம்பச் சின்னதாக இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். சித்திரையில் அப்பா குத்தகையை விட்டுவிட்டார். மாமாவின் வண்டியிலேயே ஏறித் திருப்பூருக்கு மூட்டை தூக்கும் வேலைக்குப் போனார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். சீட்டைத் தொடவில்லை. நான் எட்டாவதோடு நின்றேன். இப்போது நானும் திருப்பூரில்தான் இருக்கிறேன், பனியன் கம்பெனியில். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. உடம்புக்கு முடியாமல்தான் போனார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். ஜெயிப்பதற்குக் கள்ளாட்டம் ஆடுகிறவர்களைப் பள்ளிக்கூடத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். தோற்பதற்குக் கள்ளாட்டம் ஆடின ஆளை அதற்கு முன் பார்த்ததில்லை. ஜெயித்தவர் மாட்டிடம் போய் நிற்கிறார். தோற்றவள் முந்தானை நிறையச் சீட்டோடு அடுப்புப் பக்கம் நகர்கிறாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு ராணியையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் நடுவீட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

"பொய். பொய். எல்லாம் பொய்."